இரண்டாவது பேட்டரி

எந்த வண்டியானாலும் அதன் அடியில் போய் மல்லாந்து படுத்தால்தான் மரகதத்துக்குப் புரியும். மேலே பெயின்ட் என்ன சொன்னாலும் நம்ப மாட்டாள். 1997 மே மாதத்து அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான். கலிபோர்னியாவின் பிளசன்டனில் அவர்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தார் கார்ல் என்ற ரிட்டயர்டு மனிதர். அவர் வாசலில், ஓக் மரத்தடியில், விற்பனைக்கு என்று அட்டை மாட்டி ஒரு பழைய ஜப்பான் வேகன் நின்றது. எண்பத்து நாலாம் வருஷத்து வண்டி, நாலு சக்கரமும் இழுக்கிற ரகம். மரகதம் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள், வாயில் சின்ன டார்ச்சைக் கவ்வினாள், கையில் ஸ்க்ரூடிரைவரோடு அதன் அடியில் நுழைந்துவிட்டாள்.

கார்ல் காப்பிக் கோப்பையோடு குனிந்து குனிந்து பார்த்தார். அடியிலிருந்து டொக் டொக்கென்று சத்தம் மட்டும் வந்தது. சேஸ் என்கிற அடிச்சட்டம் நெடுக ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போனாள். துருப்பிடித்த இரும்பு பொத்தென்று ஒலிக்கும், நல்ல இரும்பு கணீரென்று பேசும். பின்சக்கரத்து ஸ்பிரிங் கமானில் ஒரு பட்டை தளர்ந்திருந்தது, ரேடியேட்டர் ஹோஸ் உப்பிப் போயிருந்தது, ஆயில் ஓரிடத்தில் கசிந்திருந்தது. மற்றபடி சேஸ் கோயில் மணிதான். வெளியே வந்து, முதுகில் ஒட்டிய ஓக் சருகைத் தட்டிவிட்டு, வாங்கிக்கொள்கிறேன் என்றாள்.

அவளுக்கு இது புது வித்தையில்லை. கரூர்க்காரி. பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமா படித்தபோது வகுப்பில் நாற்பத்திரண்டு பையன்கள், இவள் ஒருத்தி. அதன்பின் பஸ் பாடி கட்டும் பட்டறையில் நாலு வருஷம் ஒயரிங் பார்த்தாள். கோபிச்செட்டிப்பாளையத்து சேனாபதியைக் கட்டிக்கொண்டு, மகள் ஓவியாவுக்கு ஆறு வயதானபோது கலிபோர்னியா வந்தாள். விசா வேலை பார்க்க விடாததால் ஐந்து வருஷம் வீட்டோடு கிடந்தாள். கிரீன் கார்டு கைக்கு வந்த மறு வாரமே லிவர்மோரில் ஒரு கார் உதிரிபாகக் கடையின் கவுன்டரில் போய் நின்றாள். கூட வந்த தமிழ்ப் பெண்களெல்லாம் கம்ப்யூட்டர் கோர்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. இவள் மட்டும் சாயங்காலம் கிரீஸ் வாசத்தோடு வீட்டுக்கு வந்து, குழம்பைக் கொதிக்க வைத்தபடி அன்றைக்கு எந்த வண்டிக்கு எந்த வாட்டர் பம்ப் பொருந்தியது என்று கதை சொல்வாள்.

இந்த வண்டிக்குக் காரணம் ஓவியா. ஒன்பது வயதில் அவளுக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. மாத்திரையால் ஆகாத ரகம்; காலையும் மாலையும் இன்சுலின் ஊசி, நாளுக்கு நாலு தரம் விரலில் குத்தி ரத்தச் சோதனை. அந்த ஏப்ரலில் ஆறாம் வகுப்பு முழுவதும் ஒரு வாரம் மலைக்காட்டு முகாமுக்குப் போனது. முகாமில் ராத்திரிக்கு நர்ஸ் கிடையாது, பெற்றோருக்குத் தங்க இடமும் கிடையாது என்று கடிதம் வந்தது. ஓவியா ஒருத்திதான் போகவில்லை. அந்த ஐந்து நாளும் அவள் அழவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. சோபாவில் உட்கார்ந்து நூலகத்துப் புத்தகங்களை ஒன்று மாற்றி ஒன்றாகப் படித்துத் தள்ளினாள். அந்த அமைதிதான் மரகதத்தை உலுக்கியது.

அன்று சாயங்காலம் சேனாபதி காய்கறிப் பையோடு வந்து, டிரைவ்வேயில் பெட்டி மாதிரி நின்ற வண்டியைச் சுற்றி வந்தான்.

"இதென்ன புள்ள, யாரு வண்டி?"

"நம்முளுதுங்க."

"ஏற்கெனவே ரெண்டு கார் இருக்குதே?"

"அது ரெண்டும் ஃப்ரீவேல போற காருங்க. இது ஃப்ரீவே முடிஞ்சதுக்கு அப்புறம் போறது."

சேனாபதி சாஃப்ட்வேர்க்காரன். எதிலும் என்னென்ன தப்பாகப் போகும் என்று முதலில் பட்டியல் போடுகிற ஆள். மகளுக்கு நோய் வந்தபின் அந்தப் பட்டியல் இன்னும் நீண்டுவிட்டது. "காட்டுல ஏதாச்சும் ஆனா ஹாஸ்பிடல் எங்க இருக்குது, போன் எங்க இருக்குது? டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டுட்டேனுங்க. இன்சுலின் கெடாமப் பாத்துக்கிட்டு, சாப்பாட்ட நேரத்துக்குக் குடுத்தா நிலாவுக்கே கூட்டிட்டுப் போங்கன்னுட்டாரு."

சேனாபதி வண்டியின் கதவைத் திறந்து மூடிப் பார்த்தான். அது பீரோ மாதிரிக் கனமாகச் சாத்திக்கொண்டது.

அடுத்த ஆறு வாரம் கராஜில் விளக்கு எரிந்தது. ஹோஸ், பெல்ட், பிரேக் எல்லாம் மாற்றினாள். தளர்ந்த பட்டையைக் கழற்றிவிட்டு, பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் யார்டில் தேடி, கனமான கமான் ஜோடி ஒன்றைக் கொண்டுவந்து பூட்டினாள். வண்டி இரண்டு அங்குலம் நிமிர்ந்து நின்றது. பின்சீட்டைத் தூக்கிவிட்டு, பிளைவுட்டில் மேடை அடித்து, மேலே மெத்தையும் கீழே இரண்டு இழுப்பறையும் வைத்தாள். ஒன்று சமையலுக்கு, ஒன்று ஸ்பேனர்களுக்கு. மேடையில் அம்மாவும் மகளும் படுக்கலாம். சேனாபதிக்கு வெளியே கூடாரம். அதைக் கேட்டதும் அவன் இன்னொரு பட்டியல் போட்டான். அதில் முதல் வரி கரடி.

ஃப்ரீமான்ட்டில் ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போனபோது, சேனாபதியின் நண்பன் கிட்டுசாமி தட்டும் கையுமாக வந்து சிரித்தான். "ஏனுங்க, கார் கம்பெனிக்காரன் புதுசு புதுசா விடறான். நீங்க என்னடான்னா ஓட்டை வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு இருக்கீங்களாமே? இதுக்கா அமெரிக்கா வந்தோம்?"

"நீங்க எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. நான் இதுக்குத்தான் வந்திருக்கேன் போல," என்றாள் மரகதம். குரலில் காரம் இல்லை. கேசரியை இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற ஓவியா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தன் தட்டில் இருந்த கேசரியைப் பாதியாகப் பிரித்து, அதற்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, நிதானமாகச் சாப்பிட்டாள்.

ஜூன் கடைசியில் முதல் பயணம். சியரா மலையில் ஒரு ஏரிக்கரை, மூன்று நாள். இன்சுலினுக்கு ஐஸ்பெட்டி. சேனாபதி தன் பங்குக்கு ஒன்றைக் கச்சிதமாகச் செய்தான்: மாற்று பாட்டில்கள் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, கெட்டுவிடக் கூடாதே என்று ஐஸுக்கு அடியில் ஆழமாகப் புதைத்து வைத்தான். இரண்டாம் நாள் காலை ஓவியா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பாலாக இருக்க வேண்டிய மருந்தில் வெள்ளை வெள்ளையாகத் திரி மிதந்தது. உறைந்துவிட்ட இன்சுலின் செத்த இன்சுலின். நான்கு பாட்டிலும் அப்படியே. அவள் கைப்பையில் அன்றாடத்துக்கு வைத்திருந்த பாட்டில்களில் மட்டும் அடியில் கொஞ்சம் மிச்சம். ஊர் திரும்ப அது போதும், இருந்து பார்க்கப் போதாது.

கூடாரத்தை மடித்தார்கள். சேனாபதி முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "எல்லாம் என்னாலதான்," என்று நாலு தரம் சொன்னான். ஓவியா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "ஸீ? ஐ கான்ட் டு திஸ். ஐ டோல்ட் யூ," என்றாள். அவள் அப்படி எதுவும் முன்பு சொன்னதில்லை. மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள் என்பது மரகதத்துக்கு அப்போதுதான் தெரிந்தது.

மரகதம் சாவியைப் போட்டாள், ஆனால் திருப்பவில்லை. "சாமி, இங்க பாரு. உனக்கு ஒண்ணும் ஆகலை. இந்த ஐஸ்பெட்டி சரியில்லை. ஒரு சாமான் சரியில்லைன்னா அதை மாத்தோணும். என்ற வேலையே அதுதான்."

ஓவியா மலை இறங்கும்போது, சம்பந்தமே இல்லாமல் ஒரு கேள்வி கேட்டாள்: படகில் போகிறவர்கள் மாசக்கணக்கில் கடலில் இருக்கிறார்களே, அவர்கள் சாப்பாட்டை எதில் வைப்பார்கள்?

அடுத்த சனிக்கிழமை மூவரும் அலமேடாவில் பாய்மரப் படகுச் சாமான் விற்கும் கடையில் நின்றார்கள். பன்னிரண்டு வோல்ட் கரன்ட்டில் ஓடும் சின்ன ஃப்ரிட்ஜ் அங்கே இருந்தது. வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரியே கம்ப்ரஸர் வைத்தது. இதை வண்டியில் பொருத்துவது பெரிதில்லை. வண்டி நிற்கும்போது ஓட வைப்பதுதான் பெரிது. இருக்கிற பேட்டரியை ராத்திரி முழுக்க அது குடித்துவிட்டால், காலையில் இன்ஜின் கிளம்பாது. ஆகவே இரண்டாவது பேட்டரி. வண்டி ஓடும்போது இரண்டும் சேர்ந்து சார்ஜ் ஏற வேண்டும், சாவியை அணைத்ததும் இரண்டும் பிரிந்துவிட வேண்டும். பட்டறையில் பஸ்ஸுக்கு உள்விளக்குப் போட்டவளுக்கு இது பிடித்தமான வேலை. இன்ஜின் பக்கத்தில் இரும்புத் தட்டு அடித்துப் பேட்டரியை உட்கார வைத்தாள். நடுவில் சுவிட்ச் வேலை செய்ய ஒரு ரிலே, பேட்டரியை ஒட்டியே ஃப்யூஸ், அங்கிருந்து சேஸ் ஓரமாகப் பின்பக்கம் வரைக்கும் கட்டைவிரல் தடிமனில் ஒயர்.

சேனாபதி இந்த முறை ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் தெர்மாமீட்டரைச் சொருகி ஃப்ரிட்ஜுக்குள் வைத்தான். ஆகஸ்ட் வெயிலில் வண்டியை மூன்று நாள் டிரைவ்வேயிலேயே நிறுத்தினார்கள். மணிக்கு ஒரு தரம் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்ப் பார்த்து எழுதினான். வண்டிக்குள் நூற்றுப் பத்து டிகிரி ஃபாரன்ஹீட் ஏறியபோதும் பாட்டில் நாற்பதைத் தாண்டவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் காகிதத்தைக் கொண்டுவந்து சமையலறை மேடையில் வைத்தான்.

"மரகதம், நம்ம வீட்டு ஃப்ரிட்ஜவிட இது ஒழுங்கா இருக்குது."

அவனிடமிருந்து இதைவிடப் பெரிய சர்ட்டிஃபிகேட் கிடையாது.

அந்த இலையுதிர் காலத்தில் பக்கத்து மலைகளுக்கு நாலு தரம் போய் வந்தார்கள். ஒரு குறையும் இல்லை. 1998 ஏப்ரலில், பள்ளி விடுமுறைக்கு, டெத் வேலிப் பாலைவனம். அங்கே வறண்ட ஏரி ஒன்று இருக்கிறது. அதன் தரையில் கற்கள் தாமாக நகர்ந்து, பின்னால் கோடு கிழித்து வைத்திருக்கும். ஓவியா அதைப் பற்றி எங்கோ படித்துவிட்டு, கற்களின் படத்தைத் தன் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். அங்கே போக இருபத்தேழு மைல் மண்ரோடு.

ரோடு என்றா அதைச் சொல்வது! துணி துவைக்கும் பலகை மாதிரி குறுக்குவாட்டில் வரிவரியாக மேடு பள்ளம், நடுநடுவே கத்தி முனைக் கற்கள். இழுப்பறையில் தட்டுகள் தாளம் போட்டன. சேனாபதி இரண்டு கையாலும் மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். மரகதம் டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, அவசரப்படாமல், பல்லைக் கடிக்காமல் ஓட்டினாள். பதினெட்டாவது மைலில் பின்பக்கம் புஸ்ஸென்றது.

டயரின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு வெட்டு. சேனாபதி ஜாக்கியை எடுத்தான். சரளையில் வைத்துத் தூக்கினால் வண்டி எழவில்லை, ஜாக்கிதான் மண்ணுக்குள் இறங்கியது. மரகதம் இழுப்பறையின் பிளைவுட் மூடியைக் கழற்றி அடியில் கொடுத்தாள். பிறகு வண்டி எழுந்தது. அரை மணியில் ஸ்டெப்னி ஏறிவிட்டது. தண்ணீர் எடுக்கப் போன ஓவியா பின்கதவிலிருந்து, "அம்மா, த ஃப்ரிட்ஜ் லைட் இஸ் ஆஃப்," என்றாள்.

பச்சை விளக்கு எரியவில்லை. திறந்து பார்த்தால் தெர்மாமீட்டர் அறுபதைத் தொட்டிருந்தது. எப்போது நின்றதோ, தெரியாது. சுற்றுமுற்றும் ஒரு வண்டி இல்லை, ஒரு மரம் இல்லை.

"திரும்பிப் போயிரலாம்," என்றான் சேனாபதி. குரல் ஏறியது. "இப்பவே போனா இருட்டறதுக்குள்ள ஏதாச்சும் ஊர் வந்துரும். இன்னும் நாலு நாளு இருக்குது. ரிஸ்க் எடுக்க வேண்டாம் மரகதம், சொன்னாக் கேளு."

மரகதத்துக்கும் ஏரிக்கரையில் வெளிச்சத்தில் பிடித்த அந்தப் பாட்டில் கண்ணுக்குள் வந்து போனது. அவள் கணவனைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தாள். "நீ சொல்லு சாமி. உன்ற மருந்து. என்ன பண்ணலாம்?"

ஓவியா விரலில் குத்திச் சோதனை செய்தாள், நூற்று இருபத்தாறு. பாட்டில்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தாள். மருந்துப் பெட்டிக்குள் மடித்திருந்த பொடியெழுத்துக் காகிதத்தைப் பிரித்தாள். ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"இட்ஸ் குட் டில் எய்ட்டி-சிக்ஸ் டிகிரீஸ். ஃபார் அ மன்த், அப்பா. இன்சைட் த கார் இட்ஸ் ஒன்லி செவன்ட்டி-நைன். குளிர் போனா ஒண்ணும் ஆகாது. ஃப்ரீஸ் ஆனாத்தான் கெட்டுப் போகும்." கடைசி இரண்டு வாக்கியமும் தமிழில் வந்து விழுந்தன. பிறகு காகிதத்தை மடித்தபடி சொன்னாள்: "அம்மா அதை ரிப்பேர் பண்ணட்டும். பண்ண முடியலைன்னா நாளைக்குத் திரும்பலாம். இன்னைக்கு ஐ வான்ட் டு ஸீ த ராக்ஸ்."

சேனாபதி அந்தக் காகிதத்தை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அந்த வரியைத் தானும் இரண்டு தரம் படித்தான். மகள் சொன்னது சரி. அப்படியே கீழே கல்லில் உட்கார்ந்துவிட்டான். தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின.

மரகதம் வழக்கம்போல வண்டிக்கு அடியில் போனாள். டெஸ்ட் லாம்ப்பைத் தொட்டுத் தொட்டு வந்தாள். பேட்டரியில் கரன்ட் உண்டு, ஃப்யூஸ் முழுசாக இருக்கிறது, பின்பக்கம் வரைக்கும் வருகிறது. ஆக, கோளாறு கரன்ட் திரும்பி வருகிற எர்த் ஒயரில்தான். பார்த்தால், எர்த் ஒயரின் நுனியில் இருந்த செப்பு வளையம் முறிந்து தொங்கியது. தப்பு அவளுடையதுதான். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று ஒயரை வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டியிருந்தாள். ஆடுகிற வண்டியில் ஒயருக்குக் கொஞ்சம் தொய்வு விட வேண்டும் என்று பட்டறையில் புது ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

"ஏனுங்க," என்று அடியிலிருந்து கத்தினாள், "இது உங்க பட்டியல்லயும் இல்லை, என்ற பட்டியல்லயும் இல்லை. நானே பண்ணின கோளாறு!" கத்திவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் சேனாபதிக்கும் உயிர் வந்தது.

பிஸ்கட் டின்னில் மாற்று வளையங்கள் இருந்தன. நுனியை வெட்டி, செதுக்கி, புது வளையத்தை ஒரு கல்லின் மேல் வைத்து சுத்தியலால் அடித்து இறுக்கினாள். ஒயர் நீளம் குறைந்ததால் பழைய போல்ட்டை விட்டுவிட்டு, ஒரு சாண் முன்னால் வேறு போல்ட்டில் மாட்டினாள். நடுவில் தாராளமாக ஒரு வளைவு, தேயாமல் இருக்க ரப்பர் குழாய்த் துண்டு. மேலே ஓவியா, "கிரீன்!" என்று கூவினாள்.

மாலை வெயில் சாய்கிற நேரத்தில் அந்த வறண்ட ஏரியில் இறங்கி நடந்தார்கள். தரை சுட்ட ஓட்டுச் சில்லுகளைப் பதித்த மாதிரி வெடித்துக் கிடந்தது. ஓவியா முன்னால் ஓடினாள். ஆட்டுக்குட்டி அளவுக்கு ஒரு கருங்கல். அதன் பின்னால் ஐம்பதடிக்கு ஒரு தடம், நடுவில் ஒரு திருப்பம். அவள் அந்தத் தடத்துக்குப் பக்கத்திலேயே கடைசி வரை நடந்து போனாள், திரும்பி வந்தாள். சேனாபதி பையிலிருந்து எலுமிச்சைச் சாதத்தை எடுத்து, ஊசி போட்டு எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று கடிகாரத்தைப் பார்த்தான். "ஐ நோ, அப்பா," என்றாள் ஓவியா, கையை நீட்டியபடி. மீதி நாலு நாளும் அந்தப் பச்சை விளக்கு அணையவே இல்லை.

இந்தக் கதை ஓவியாவைக் கவனிக்கும் மருத்துவமனை நர்ஸ் மூலம் பரவியது. பக்கத்து ஊர் டிரேசியில் ஒரு குடும்பம், அவர்கள் வீட்டிலும் அதே நோய். தங்கள் வேனுக்கும் அப்படி ஒன்று போட்டுத் தர முடியுமா என்று கேட்டு வந்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னொருவர். நோய் இல்லாதவர்களும் வந்தார்கள்; மீன் பிடிக்கிறவர்கள், பாறை ஏறுகிறவர்கள், ரிட்டயர்டு தம்பதிகள். 1999 கடைசியில் மரகதம் கவுன்டர் வேலையை விட்டுவிட்டு, லிவர்மோரில் ஹெக்டர் என்ற வெல்டரோடு சேர்ந்து ஒரு ஷெட்டில் பாதியை எடுத்தாள். எலக்ட்ரிக் வேலையும் மர வேலையும் இவளுக்கு, இரும்பு அவருக்கு. ஒயரை மட்டும் தானே கட்டுவாள், வேறு யாரையும் விட மாட்டாள்.

2001 தொடக்கத்தில் சேனாபதியின் கம்பெனி ஒரே வெள்ளிக்கிழமையில் கதவைச் சாத்தியது. பேயைக் கண்ட மாதிரி பயப்பட வேண்டியவன், ஆச்சரியமாக, திங்கட்கிழமை காலை பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு ஷெட்டுக்கு வந்து நின்றான். நாலு மாதம் பிளைவுட் அறுத்தான். ஒரு பலகையை மூன்று தரம் அளப்பான், நாலாவது தரம் மரகதத்தைக் கூப்பிட்டு அளக்கச் சொல்வான். ஆனால் அவன் செய்த இழுப்பறை ஒன்றுகூட உரசியதில்லை. புது வேலை கிடைத்தபோது, சனிக்கிழமைகளில் வருவேன் என்று ஹெக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் போனான்.

அந்த வசந்தத்தில் ஓவியா லைசென்ஸ் எடுக்கப் பழகினாள். ஃப்ரீவே கார் வேண்டாம், வேகன்தான் வேண்டும் என்று அடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆல்டமான்ட் மலையின் பழைய ரோட்டில் ஏறும்போது, கியர் மாற்றத் தெரியாமல் பாதி ஏற்றத்தில் வண்டியை நிறுத்திவிட்டாள். பின்னால் ஒரு பிக்கப் டிரக், வாலை ஒட்டி. மறுபடி கிளப்பினாள், குதித்து அணைந்தது. பிக்கப்காரன் ஹார்ன் அடித்தான்.

"அம்மா, டூ ஸம்திங்!"

"ஹேண்ட் பிரேக் உன்ற கைக்குப் பக்கத்துலதான் இருக்குது," என்றாள் மரகதம். சொல்லிவிட்டு, மலை நெடுகச் சுழன்ற காற்றாலைகளை எண்ணுகிறவள் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பக்கத்தில் ஒரு பெருமூச்சும் ஹேண்ட் பிரேக்கை இழுக்கும் சத்தமும் கேட்டன. இன்ஜின் உறுமியது, கிளட்ச் மெல்லக் கவ்வியது, ஹேண்ட் பிரேக் கிளக்கென்று இறங்கியது. வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்வாங்காமல் மேலே ஏறியது. இரண்டாவது கியர் விழுந்தபோது கொஞ்சம் கரகரத்தது. மரகதம் அதைக் காதில் வாங்கிக்கொள்ளாதவள் போல உட்கார்ந்திருந்தாள்.